பழகினால் பிடிக்கும்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

சகலருக்கும் இதன்மூலம் அறிவிப்பது யாதெனில்: நான்கு வருடங்களாகத் திறந்த வாய் மூடாமல் நம் குடும்ப விவகாரம் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்த காரின் டேஷ்போர்டு மூடி, இன்று மாலை, உற்றார் உறவினர் (நான்) முன்னிலையில், ஒரு ரப்பர் துண்டின் உதவியோடு தன் வாயை மூடிக்கொண்டது. இந்த வரலாற்றுச் சிறப்புமிக்க நிகழ்வை முன்னிட்டு யாருக்கும் விடுமுறை கிடையாது. அம்மாவுக்கு நிச்சயமாகக் கிடையாது.

போனில் பேசினால் நான் உன்னைச் சிரிக்க வைத்துவிட்டு விஷயத்தை விழுங்கிவிடுகிறேன், அதனால் எழுது என்றாய். நீ இருக்கிற அந்தச் சுரங்கப்பாதை வேலையிடத்தில் ஆபீஸ் கன்டெய்னரில் மட்டும்தான் சிக்னல், அதற்கும் வரிசையில் நிற்கணும் என்றாய். சரி, எழுதுகிறேன். ஆனால் எழுத்தில் சிரிக்க வைக்க மாட்டேன் என்று நான் எங்கும் கையெழுத்துப் போடவில்லை.

இனி பணி அறிக்கை. ஏப்ரலில் உன் லீவு. அந்த லீவில் ஒரு ஞாயிறு, டிராக் டே. ஆளாளுக்குச் சொந்தக் காரை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோய் ஆசைதீர விரட்டலாம். போட்டி இல்லை, கோப்பை இல்லை, அதே காரில் வீடு திரும்பினால் அதுவே பரிசு. அதற்காக உன் காரைத் தயார் செய்யும் மாபெரும் பொறுப்பை, பள்ளி முடித்து, லைசென்ஸ் வாங்கி, வேறு வேலைவெட்டி இல்லாத என்னிடம் ஒப்படைத்தாய். பிரேக் ஆயில் மாற்றியாயிற்று, சூட்டில் கொதிக்காத ரகம். ஒட்டும் டயர் நான்கும் வீலோடு வந்து உன் கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கின்றன. (ஒட்டினால்தான் ஓட்ட முடியும். இதை நானே யோசித்தேன்.) பின்சீட்டைத் தொடவில்லை. அம்மா தினமும் இதே காரில் வேலைக்குக் கொண்டுபோகிற ஐஸ் பெட்டி அங்கேதான் உட்காரும்.

மெக்கானிக் அண்ணன் சௌக்கியம். எதைக் கேட்டாலும் 'நாளைக்கு' என்பதால் நாம் வைத்த பட்டப்பெயர் இன்னும் செல்லுபடியாகிறது. நாளைக்கு அண்ணன் நேற்று வருவதாகச் சொல்லி இன்று வந்தார். இலக்கணத்தில் இதற்கு இடம் உண்டா என்று யோசித்துக்கொண்டே ஜாக்கியைப் பிடித்தேன்.

டிரைவர் பக்கம் பக்கெட் சீட்டை மாட்டி அம்மாவை உட்காரச் சொன்னேன்.

"எனக்கு இது பிடிக்கல."

"இடுப்பை எப்படிப் பிடிக்குது பாரும்மா. பிடிக்கலங்கிறியே?"

"இறங்க ஒரு ஆள் வந்து கையைப் பிடிச்சு இழுக்கணும் போலிருக்கு. வீட்டுக்கு வீடு ஏறி இறங்குறவடா நான். கழட்டு."

கழற்றிவிட்டேன். அவள் பாடும் பாவம்தான். விடியுமுன் கிளம்பி, வெறும் வயிற்றோடு காத்திருக்கிறவர்களிடம் ரத்தம் எடுத்து லேப்பில் சேர்க்கிறாள். ஊர் முழுக்க அவளுக்கு ரத்த சம்பந்தம். வெளியே குத்துகிறாள், வீட்டுக்கு வந்தால் குத்திக்காட்டுகிறாள். அதற்கும் இப்போதெல்லாம் தெம்பில்லை. பாதியிலேயே தூங்கிவிடுகிறாள்.

இப்படிக்கு,
தலைமைப் பொறியாளர் (சம்பளமில்லாதவர்)


பிப்ரவரி 13

டேய் வாலு,

உன் கடிதம் காய்கறி லாரியில் வந்தது. முதல் பக்கம் முழுக்க வெங்காய வாசனை. உன் நகைச்சுவைக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

இங்கே சொல்ல ஒன்றுமில்லை. மெஷின் மலையைக் குடைகிறது. அது நேராகப் போகிறதா என்று நான் அளக்கிறேன். கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் கழுத்துக்குள் போகிறது. ஷிப்ட் முடிந்து ஷூவைக் கழற்றினால் மறுபடி மாட்டத் தெம்பிருக்காது என்று பல நாள் ஷூவோடே படுத்துவிடுகிறேன். கண்ணை மூடினால் அந்த டிராக்கின் முதல் வளைவு வருகிறது. வீடியோவில் பார்த்தே எனக்கு மனப்பாடம். இந்த ஒரு ஞாயிறு இருக்கிறது என்பதால்தான் மற்ற நாட்கள் நகர்கின்றன.

பக்கெட் சீட்டைக் கழற்றியது நல்லது. எனக்கு வேண்டியது ரேஸ் கார் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு ஆளாக இருந்துவிட்டு, திங்கள் காலை பழைய ஆளாகிவிடுகிற கார். அதனால் ஒரே ஒரு சட்டம்தான். ஞாயிறு மாட்டியதை ஞாயிறே கழற்றணும். திங்கள் விடியுமுன் அம்மாவுக்கு அவளுடைய வண்டி இருக்கணும்.

முக்கியமாக அந்த பிரேக் பேட். பார்சல் வந்திருக்கும். டிராக்குக்கான பேட் சூடேறினால்தான் பிடிக்கும். அதற்கும் முன்னால், முதல் சில சுற்றில் அழுத்தி அழுத்தி, சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கோடு பழக்கணும். பழகாத பேட் வெறும் பலகை. அம்மா ஓட்டுகிற ஓட்டத்தில் அது சூடாகவே ஆகாது. நாலு வீடு, ஒரு நிறுத்தம், மறுபடி நாலு வீடு. பழைய பேடை ஒரு துணியில் சுற்றிப் பத்திரமாக வை.

டிராக் டே முடிந்ததும் கழற்றின பேடையும் தூக்கிப் போடாதே. எந்த ஓரம் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் எப்படி ஓட்டினோம் என்று தெரிந்துவிடும். அது கைரேகை மாதிரி.

அம்மாவைக் கொஞ்சம் தூங்க விடு.

அக்கா


பிப்ரவரி 25

அக்காவுக்கு,

பேட் வந்தது. டப்பாவைத் திறந்து, முகர்ந்து, மூடிவிட்டேன். அதில் வம்பில்லை. வம்பு ஷாக்கில்.

புது ஷாக் அப்சார்பரில் ஒரு திருகு இருக்கிறதல்லவா? ஒரு பக்கம் திருப்பினால் டிராக்குக்குக் கெட்டி, மறுபக்கம் திருப்பினால் தெருவுக்கு மெத்தை. நாளைக்கு அண்ணன் மாட்டிவிட்டுப் போனதும் கெட்டியில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினேன். ரோட்டில் கிடக்கிற கல்லின் வயதுகூடத் தெரிகிறது. அவ்வளவு துல்லியம். வந்து நிறுத்தினேன். திருகைத் திருப்ப மறந்தேன்.

மறுநாள் லேப்பிலிருந்து அம்மாவுக்குப் போன். அவள் கொண்டுபோன டியூப்களில் பாதிக்கு மேல் ரத்தம் உடைந்துவிட்டதாம். குலுங்கிக் குலுங்கிச் சிவப்பணு உடைந்தால் டெஸ்ட் தப்பாக வருமாம். அத்தனை பேரிடமும் திரும்பப் போய், மன்னிப்புக் கேட்டு, மறுபடி குத்தணும். ஒரு ரிட்டயர்டு வக்கீல் இருக்கிறார். "என் ரத்தத்தை வச்சு என்னம்மா பண்ணீங்க, பந்து விளையாடினீங்களா?" என்று அரை மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தாராம்.

ஷாக் வண்டிக்கு, அதிர்ச்சி எனக்கு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அம்மா வந்த கோலத்தைப் பார்த்ததும் அது வரவில்லை. கைப்பையைக்கூட இறக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் தலையை வைத்தாள்.

"வண்டியை என்னடா பண்ணினே?"

"ஒரு திருகும்மா. திருப்பிட்டேன். இனிமே குலுங்காது."

"எனக்கு இந்த விளையாட்டே பிடிக்கலடா. அவ ஆசைப்பட்டாளேன்னு சும்மா இருக்கேன்."

ஷூவைக் கழற்றிவிடலாம் என்று குனிந்தேன். "கூசுது, விடு" என்றாள். பிறகு அப்படியே தூங்கிவிட்டாள். நம் வீட்டில் பெண்கள் யாருமே ஷூவைக் கழற்ற மாட்டீர்கள் போலிருக்கிறது.

மெத்தையில் வைத்துத் திருகின் மேல் டேப் ஒட்டிவிட்டேன். திட்டாதே. திட்டினாலும் வெங்காயம் இல்லாத லாரியில் அனுப்பு.

வாலு


மார்ச் 21

டேய்,

திட்டத் தெம்பில்லை.

சுரங்கத்தின் முகப்பில் தண்ணீர் உடைத்துக்கொண்டது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் ஏப்ரல் லீவு எல்லாருக்கும் ரத்து. மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு, தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். பக்கத்தில் நின்றவளுக்கு ஏப்ரலில் கல்யாணம். அவளே ஒன்றும் பேசவில்லை. நான் என்ன டிராக் டே என்று வாயைத் திறப்பது?

கோபம்கூட வரவில்லை. தங்குகிற கன்டெய்னருக்கு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஞாயிறுக்கு என் பேர் பதிவாகியிருக்கிறது. போன் செய்து பேரை எடுத்துவிடு. பேடை டப்பாவோடு அலமாரியில் வை. அடுத்த வருடமோ அதற்கு அடுத்த வருடமோ பார்க்கலாம். நீ போகலாமா என்று கேட்காதே. கேட்பாய் என்று தெரியும். லைசென்ஸில் மை காயவில்லை உனக்கு.

அக்கா


ஏப்ரல் 12, ஞாயிறு மாலை

பேரன்புள்ள, பெருந்தன்மையுள்ள, மன்னிக்கும் குணத்துக்குப் பேர்போன அக்காவுக்கு,

பேரை எடுத்துவிடு என்றாய். எடுத்துவிட்டேன். உன் பேரை எடுத்துவிட்டு என் பேரைப் போட்டேன்.

இந்த இடத்தில் நீ கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடி. நான் காத்திருக்கிறேன்.

குடித்தாயா? இப்போது கேள். அம்மாவிடம் நண்பன் வீட்டுக்கு என்று சொன்னேன். நேற்றே டயரை மாற்றி, பேடை நானே என் கையால் மாட்டி, ஷாக் டேப்பைக் கிழித்து, கெட்டியில் வைத்தேன். காலை போய்ச் சேர்ந்தால் அங்கே நிற்கிற ஒவ்வொரு காரும் நம் காரைப் பார்த்து, இது யாருடைய டிபன் டப்பா என்கிற மாதிரி நின்றது. பின்சீட்டில் ஐஸ் பெட்டிக்கான பெல்ட் வேறு தொங்கிக்கொண்டிருந்ததா, பக்கத்துக் கார்க்காரர், "தம்பி, டிராக்குக்கு ஐஸ்கிரீம் விக்க வந்தீங்களா?" என்றார்.

அவருடையது சிவப்புக் கார். அவரை நான் மூன்றாவது வளைவில் கடந்தேன்.

மொத்தம் பத்து சுற்று. முதல் வளைவு நீ சொல்கிற மாதிரிதான், உள்ளே சாய்ந்து வெளியே தள்ளுகிறது. நேர்ப்பாதையின் கடைசியில் பிரேக்கை மிதிக்கிறபோது எல்லா வண்டியும் மூக்கைத் தரையில் தேய்க்கிறது. நம் வண்டியும்தான். வளைவுக்கு வளைவு கருகின வாசனை. பேட் கொதிக்கக் கொதிக்க ஓட்டினேன். எல்லாரும் இறங்கி டிஸ்க்கைத் தொடாமல் தள்ளி நின்று பார்க்கிறார்கள். நானும் நம் டிஸ்க்கைத் தள்ளி நின்று பார்த்தேன். பெருமையாக இருந்தது. உன் பேரைக் காப்பாற்றிவிட்டேன், அதுவும் உன் பேர் இல்லாமலே.

வீட்டுக்கு வந்து டயரை மாற்றிவிட்டேன். ஷாக்கை மெத்தைக்குத் திருப்பி டேப்பும் ஒட்டியாயிற்று. பேட் ஒன்றுதான் பாக்கி. கைகால் ஓய்ந்துவிட்டது அக்கா, டயர் புதிது, நான்தான் டயர்டு. நாளைக்கு அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், நாளைக்கு வந்து கழற்றுவார். ஒரே ஒரு காலைதானே. அம்மாவிடம், "புது பிரேக் போட்டிருக்கேன், கொஞ்சம் கத்தும், பயப்படாதே" என்று சொல்லிவிட்டேன்.

"நல்லாத்தானேடா இருந்துச்சு? எதுக்குப் புதுசு?" என்றாள். கேள்வி முடிவதற்குள் கொட்டாவி வந்துவிட்டது அவளுக்கு.

இந்தக் கடிதத்தை இப்போதே பெட்டியில் போடப் போகிறேன். பத்து சுற்று அக்கா!

வாலு


ஏப்ரல் 20

தம்பி,

உன் பத்து சுற்றும் அம்மாவின் போனும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன.

"ஒண்ணுமில்லடி, லேசா இடிச்சுட்டேன். கட்டுப் போட்டிருக்காங்க" என்றாள். எந்தக் கை என்று கேட்டேன். "சாப்பிடுற கை" என்றாள். ஊசி போடுகிற கை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

வேறெதையும் சொல்ல மாட்டேன் என்கிறாள். என்ன நடந்தது என்று நீ எழுது. போன் பண்ணாதே, நான் எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 26

அக்காவுக்கு,

'தம்பி' என்று ஆரம்பித்திருந்தாய். நீ என்னை அப்படிக் கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று.

நடந்தது இதுதான். திங்கள் காலை நான் தூங்கிக்கொண்டிருந்தேன். முதல் வீட்டு வாசலிலிருந்து அம்மா போனில் செய்தி அனுப்பியிருந்தாள். "புது பிரேக் பிடிக்கல." அவ்வளவுதான் இருந்தது.

நான் பாதிக் கண்ணில் படித்தேன். அவளுக்குச் சீட் பிடிக்கவில்லை, குலுக்கல் பிடிக்கவில்லை, நம் விளையாட்டே பிடிக்கவில்லை. இப்போது பிரேக் போடுகிற கூச்சல் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். "பழகினா பிடிச்சிடும்" என்று பதில் போட்டு, ஒரு சிரிக்கிற மூஞ்சியையும் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.

அம்மா அதைப் படித்தாள். வண்டியைப் பற்றித் தெரிந்த பிள்ளை சொல்கிறான் என்று நம்பினாள். எல்லா வீட்டையும் முடித்தாள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இரண்டு காலாலும் மிதித்தாளாம். லேப் இருக்கிற தெரு சரிவு, உனக்குத் தெரியும், கீழே மெயின் ரோடு. அங்கே மிதித்திருக்கிறாள். வண்டி கத்தியதே தவிர நிற்கவில்லை. மெயின் ரோட்டுக்குப் போய்விடக் கூடாது என்று லேப்பின் மதிலில் கொண்டுபோய் மோதினாள். ஸ்டியரிங் சுழன்று மணிக்கட்டில் அடித்தது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாட்ச்மேன் எனக்குப் போன் செய்தார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் அனுப்பினேனேடா, பிரேக் பிடிக்கலன்னு."

"சத்தம் உனக்குப் பிடிக்கலைன்னு நெனச்சேம்மா. நீ எதையும்தான் பிடிக்கலம்பியே."

"நீ பழகினா பிடிச்சிடும்னு போட்டே. சரி, புதுசு, ஓட்ட ஓட்டப் பிடிக்கும் போலிருக்குன்னு ஓட்டினேன்."

கட்டுப் போடுகிற நர்ஸ் சிரித்துவிட்டாள். அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என் வாழ்நாளில் நான் சொன்னதிலேயே மிகச் சரியான சிலேடை அதுதான் அக்கா. சொன்னது எனக்கே தெரியாது.

எலும்பு கூடிவிடுமாம். ஆனால் மணிக்கட்டு முன் மாதிரி திரும்புமா என்பதைக் கட்டுப் பிரித்தபிறகுதான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். லேப்பில் அம்மா ரத்தம் எடுக்கிற வீடுகளை ஒரு புதுப் பையனிடம் கொடுத்துவிட்டார்கள். இப்போதைக்கு என்றார்கள். அந்த 'இப்போதைக்கு' அவளுக்குப் புரிந்துவிட்டது. இடது கையால் தலையணையில் குத்திப் பார்த்தாள். "ம்ஹும், இந்தக் கைக்கு நரம்பு தெரியல" என்று ஊசியை வைத்துவிட்டாள்.

ஞாயிறே பேடைக் கழற்றியிருக்கணும். நீ எழுதியிருந்தாய். ஓட்டிய களைப்பில் விட்டுவிட்டேன்.

வண்டி நாளைக்கு அண்ணன் ஷெட்டில் இருக்கிறது. முன்பக்கம் சப்பை. கேட்டால் இந்தத் தடவை அவர் நாளைக்கு என்று சொல்லவில்லை.

தம்பி


மே 5

தம்பி,

நீ எழுதியதை வேலையிடத்திலும் படித்தேன், கட்டிலிலும் படித்தேன். முதலில் உன்மேல் கோபம் வந்தது. பிறகு அது எங்கேயோ போய்விட்டது. இங்கே எதுவும் நெடுநேரம் நிற்பதில்லை, தூக்கம் வந்துவிடுகிறது.

ஆனால் ஒரு கணக்கு இடிக்கிறது. பத்து சுற்று கொதிக்கக் கொதிக்க ஓடிய பேட் டிஸ்க்கோடு நன்றாகப் பழகியிருக்கும். மறுநாள் குளிரில் அது மந்தமாக இருக்கும், சத்தம் போடும். இருந்தாலும் அம்மாவின் வேகத்துக்கு எப்படியோ நின்றுவிடும். இரண்டு காலாலும் மிதித்து நிற்காமல் போகாது. அப்படிப் போனால் பேடே சரியில்லை என்று அர்த்தம்.

அந்தப் பேடைத் தேர்ந்தெடுத்தது நான். நல்ல கம்பெனி பேட் ஒன்று இருந்தது. இது அதில் பாதி விலை, இணையத்தில் யாரோ பரவாயில்லை என்று எழுதியிருந்தார்கள். ஷிப்ட் முடிந்து கண் சொருகச் சொருக, இதுவே போதும் என்று பட்டனை அழுத்தினேன். கடைக்காரருக்குப் புகார் எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த லாரியில் போகும். ஆனால் அவரைச் சொல்லி என்ன? நீ ஒரு நாள் தாமதித்தாய். நான் கெட்டதை வாங்கினேன். அம்மாவின் கையை உடைத்தது நான்தான். எவ்வளவு யோசித்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறது.

வண்டியை விற்றுவிடலாம். சரிசெய்து விற்கும்படி அண்ணனிடம் சொல். எனக்கு இனிமேல் எந்த ஞாயிறும் வேண்டாம். பரவாயில்லை, நீயாவது ஓட்டினாய். அந்த முதல் வளைவைப் பார்த்தாய். அதை நினைத்துத்தான் கொஞ்சம் மனம் ஆறுகிறது.

பத்து சுற்றுமே அழுத்தித்தான் ஓட்டினாயா? புகாரில் எழுதணும்.

அக்கா


மே 13

அக்கா,

புகாரை லாரியில் போடாதே. போட்டிருந்தால் அடுத்த லாரியில் மன்னிப்பை அனுப்பு.

பேட் நல்ல பேட். நீ வாங்கியது சரி. கடைக்காரர்மேல் தப்பில்லை, உன்மேல் இல்லவே இல்லை. உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். "என்னடா எழுதியிருக்கா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். "வண்டியை விக்கணுமாம்" என்றேன். மீதியைப் படித்துக் காட்ட முடியவில்லை.

நான் ஓட்டவில்லை அக்கா.

போனேன். அது உண்மை. ஐஸ்கிரீம் என்று கேட்டாரே, அதுவும் உண்மை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். முன்னால் சிவப்புக் கார். கொடிக்காரர் கையைக் கீழே இறக்கினார், அந்தச் சிவப்புக் கார் கிளம்பிய சத்தத்தில் என் கால் கிளட்சை விட மறுத்துவிட்டது. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. கொடிக்காரர் கண்ணாடியைத் தட்டினார்.

"தம்பி, கிளம்பு. பின்னாடி நிக்கிறாங்க."

"பிரேக்ல ஏதோ சத்தம் வருதுண்ணே. ஓரமா நிறுத்திப் பாத்துட்டு வரேன்."

ஓரமாக நிறுத்தினேன். பார்த்தேன். எல்லாரும் கிளம்பிப் போகும்வரை வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கொண்டுபோன பிஸ்கட்டைத் தின்றேன். முதல் வளைவு, மூன்றாவது வளைவு, கருகின வாசனை என்று எழுதினேனே, எல்லாம் வேலி வழியாகப் பார்த்ததும் முகர்ந்ததும். நீ மாதக்கணக்காகக் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்த ஞாயிறை நான் எடுத்துக்கொண்டு போய், கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து வீணடித்துவிட்டு வந்தேன்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து டயரைக் கழற்றினபோது பேடைப் பார்த்தேன். போகவரக் காலி ரோட்டில் மெல்ல ஓட்டியதில், டப்பாவிலிருந்து எடுத்தது எப்படியோ அப்படியே இருந்தது. மேலே அச்சடித்த எழுத்துக்கூட அழியவில்லை. கழற்றினால் நீ பார்க்கக் கேட்பாய். பார்த்தால் தெரிந்துவிடும். களைப்பெல்லாம் பொய் அக்கா, பிஸ்கட் தின்றவனுக்கு என்ன களைப்பு? திங்கள் சாயங்காலம் மேட்டு ரோட்டில் ஏற்றி இறக்கி, நன்றாகக் கருக்கி, தேய்த்து, பத்து சுற்று ஓடின மாதிரி ஆக்கிவிட்டுக் கழற்றலாம் என்று விட்டுவைத்தேன். நாளைக்கு அண்ணனிடம் நான் எதுவும் சொல்லவே இல்லை. நீ சொன்ன பலகையைத்தான் அம்மாவுக்குக் கொடுத்து அனுப்பினேன். தெரிந்தேதான் கொடுத்தேன். ஒரு காலையில் என்ன ஆகிவிடும் என்று.

இதை உனக்கு எழுதுவதற்கு முன்னால் அம்மாவிடம் சொன்னேன். அவள் கட்டுப் போட்ட கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவ்வளவு பயமா இருந்துச்சுன்னா வீட்டுக்கு வந்திருக்கலாமேடா. நான் என்ன கேக்கப்போறேன்?"

பிறகு, "அவகிட்ட சொல்லிடு. அவ சும்மாவே எதையாவது தூக்கிச் சுமந்துட்டு இருப்பா" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நம் மூன்று பேரில் யாருக்குமே திட்டத் தெம்பில்லை போலிருக்கிறது.

அடுத்த வாரம் கட்டுப் பிரிக்கிறார்கள். பஸ்ஸில்தான் கூட்டிப் போகிறேன். லேப்பிலும் போய்ப் பேசினேன். பிரேக்கில் தப்பு செய்தது நான், அம்மா சரியாகத்தான் ஓட்டினாள், அவள் வீடுகளை அவளுக்கே திருப்பிக் கொடுங்கள் என்றேன். கை தேறட்டும், பார்க்கலாம் என்றார்கள். வண்டியை விற்பது உன் இஷ்டம். விற்காதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் கெட்டதை வாங்கிவிட்டோம் என்று விற்காதே.

நீ புகாருக்காகக் கேட்டிருந்தாய், அதனால் சரியான கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டிய சுற்று ஒன்றுமில்லை. அன்றைக்கு அந்த இடத்தில் நான் அவசரமாகக் கடந்த தூரமெல்லாம் கார் நிறுத்துமிடத்திலிருந்து கழிப்பறை வரைக்கும்தான். நடந்துதான் போனேன். திரும்பி வரும்போது மட்டும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்தேன், பார்க்கிறவர்கள் இப்போதுதான் ஓட்டி முடித்து இறங்கியவன் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று.

தம்பி